கப்பலிலிருந்து சொந்தமாகக் கரையிறங்கும்போது எங்கே சிக்குகிறது? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

குரூஸ் கப்பலில் போகிறவர்கள் பலர், கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்காமல், இறங்கி நாமே சுற்றிப் பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவு, நானும் அப்படித்தான் போகிறேன். ஆனால் ஊருக்குள் போன பிறகு வரும் தொல்லைகள் குறைவு. கேபின் கதவுக்கும் துறைமுக வாசலுக்கும் நடுவில் வருபவைதான் அதிகம். அந்த நடுப்பகுதியைப் பற்றிப் பயண வழிகாட்டிகளில் ஒரு வரிகூட இருக்காது.

கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுக்கு இப்போது என்ன நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். நேரம் இருந்தால் முந்தின நாள் இரவே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது, முந்தின நாள் மாலை கேபினுக்கு வரும் நிகழ்ச்சித்தாள். இப்போது பல கப்பல்களில் அது செயலியில் வருகிறது. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கப்பல் கரையோடு கட்டி நிற்கப்போகிறதா, அல்லது நடுக்கடலில் நங்கூரமா; கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம்; அந்த நேரம் எந்தக் கடிகாரப்படி; உள்ளூர் போர்ட் ஏஜென்ட்டின் (அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கும் உள்ளூர் ஆள்) தொலைபேசி எண். அந்தப் பக்கத்தை அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள். கப்பல் வைஃபை கரையில் கிடைக்காது, எனவே செயலியும் அங்கே திறக்காமல் போகலாம்.

## அறிகுறி: கப்பல் நின்று அரை மணி நேரமாகிறது, யாரையும் இறங்க விடவில்லை

பெரும்பாலும் இது பிழையே இல்லை. நிகழ்ச்சித்தாளில் "வருகை 7:00" என்று போட்டிருந்தால் அது கப்பல் துறையைச் சேரும் நேரம், நீங்கள் இறங்கும் நேரம் அல்ல. கயிறு கட்ட வேண்டும், கேங்வே எனப்படும் இறங்குபாலத்தைப் பொருத்த வேண்டும், பிறகு உள்ளூர் அதிகாரிகள் கப்பலுக்குள் வந்து ஆவணங்களையும் உடல்நலப் பதிவுகளையும் பார்த்து அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி வரும்வரை கேப்டன் நினைத்தாலும் ஒருவரையும் இறக்க முடியாது. சில துறைமுகங்களில் பத்து நிமிடத்தில் முடியும், சில இடங்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இறங்குபாலம் நேற்று 4-ஆம் தளத்தில் இருந்தது என்று இன்றும் அங்கேயே போய் நிற்பார்கள். கடல் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள துறைமுகங்களில், கப்பல் தரையைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இறங்கும் தளம் மாறும். காலையில் இறங்கிய கதவு வேறு, மாலையில் ஏறும் கதவு வேறு என்றும் ஆகலாம். அறிவிப்பைக் கேளுங்கள், கேபின் நடைபாதையில் ஒலிபெருக்கி சரியாகக் கேட்காவிட்டால் கதவைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

அமெரிக்கத் துறைமுகம் என்றால் இன்னொரு காரணம் இருக்கலாம். சில நாட்களில் எல்லாப் பயணிகளும் குடிவரவு அதிகாரியின் முன்னால் நேரில் நின்றாக வேண்டும். உங்கள் முறை எப்போது என்று கேபினுக்குச் சீட்டு வந்திருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால், கப்பலைவிட்டு இறங்கும் கதவில் உங்கள் கப்பல் கார்டை ஏற்காமல் நிறுத்திவிடுவார்கள் (அதற்கான பகுதி கீழே).

இந்தக் கட்டத்துக்கு ஒரே மருந்து, முன்பதிவு செய்யும்போதே செய்து வைக்க வேண்டியது: வருகை நேரத்திலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளித்தான் வழிகாட்டியையோ வண்டியையோ வரச் சொல்ல வேண்டும்.

## அறிகுறி: கரை கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் தண்ணீர்

இது டெண்டர் துறைமுகம். கப்பல் வெளியே நிற்கும், சிறு படகுகள் உங்களைக் கரைக்குக் கொண்டு போகும். சொந்தமாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கிரேக்கத் தீவான சான்டோரினியில் கப்பல் கட்ட இடமில்லை. எரிமலை வாயின் உள்ளே கடல் அவ்வளவு ஆழம், கரையோ செங்குத்தான பாறை. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனிலும் குரூஸ் கப்பல்களுக்கான துறை கிடையாது. பெலீஸ் சிட்டியில் கடல் ஆழம் குறைவாக இருப்பதால் கப்பல் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும், படகுப் பயணமே நீளமானது. மேலே சொன்ன மூன்று இடங்களிலும் கப்பலின் சொந்தப் படகுக்குப் பதிலாக உள்ளூர்ப் படகுகள் வந்து ஏற்றிச் செல்வது வழக்கம்.

படகில் ஏறும் முறைக்காகக் கொடுக்கும் டோக்கன், எண் 14, கையில் இருக்கிறது, இன்னும் 6-ஐக்கூடக் கூப்பிடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபம் குறையும். கப்பலில் 3,000 பேர், படகுக்கு 100 பேர், ஓடுவது நான்கு படகுகள், ஒரு படகு போய் இறக்கிவிட்டுத் திரும்ப 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 600 பேர்தான் கரை சேர முடியும். எல்லோரையும் இறக்க ஐந்து மணி நேரம். இதில் முதல் படகுகள் கப்பலின் சொந்தச் சுற்றுலாவை வாங்கியவர்களுக்குப் போய்விடும், அடுத்தது விலை உயர்ந்த அறைக்காரர்களுக்கும் அடிக்கடி வரும் பழைய பயணிகளுக்கும். நம் முறை அதற்குப் பிறகுதான்.

கப்பலின் உயிர்காக்கும் படகுகளே பல கப்பல்களில் டெண்டராகவும் ஓடுகின்றன. சர்வதேச விதிப்படி ஓர் உயிர்காக்கும் படகில் அதிகபட்சம் 150 பேர். அதே படகு டெண்டராக ஓடும்போது அதைவிடக் குறைவானவர்களைத்தான் ஏற்றுவார்கள். படகு பெரிதாகத் தெரிகிறதே, ஏன் அரைகுறையாகப் போகிறது என்று வரிசையில் பலர் கேட்பதற்கு இதுதான் பதில்.

செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, டோக்கன் கொடுக்கும் இடமும் நேரமும் நிகழ்ச்சித்தாளில் இருக்கும், அது திறப்பதற்கு முன்பே உங்கள் கூட்டம் முழுவதும் அங்கே நிற்க வேண்டும். முழுவதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் வந்து ஆறு பேருக்கு வாங்க முடியாது என்று பல கப்பல்களில் மறுத்துவிடுவார்கள், காலை உணவில் இருப்பவரைத் தேடி ஓடுவதற்குள் இருபது எண்கள் போய்விடும். மற்றது, அவசரமில்லை என்றால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "இனி டோக்கன் தேவையில்லை" என்ற அறிவிப்பு வந்த பிறகு போவது. கடற்கரைக்கோ சின்ன ஊருக்கோ போகும் நாளில் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். நேரம் குறித்த டிக்கெட் வாங்கியிருக்கும் நாளில் முதலாவது.

படகில் ஏறவே பயமாக இருக்கிறது, அல்லது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படகு கப்பலின் அடித்தளத்தில் ஒரு சிறு மேடையை ஒட்டி நிற்கும். கப்பல் அசைவது தெரியாது, படகு மட்டும் ஏறி இறங்கும். ஒரு கணம் மேடையும் படகின் விளிம்பும் சமமாக இருக்கும், அடுத்த கணம் படகு முழங்கால் ஆழம் கீழே போயிருக்கும்.

என் அம்மா முதல்முறை ஏறியபோது ஒரு கையில் கைப்பை, மறு கையில் தண்ணீர் பாட்டில். மாலுமி தலையை ஆட்டினார், இரண்டையும் வாங்கி என்னிடம் நீட்டினார். பிறகு அம்மாவின் விரல்களைப் பிடிக்காமல் முன்கையைப் பிடித்தார், தன் முன்கையை அம்மாவைப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வழுக்காது. மறுபக்கம் படகுக்குள் நின்றவரும் அதே மாதிரி பிடித்துக்கொண்டார். முதல் அலை வந்தது, சும்மா நின்றார்கள். இரண்டாவது வந்தது, அப்போதும் நின்றார்கள். மூன்றாவதில் படகு மேலே வந்து ஒரு நொடி நின்ற இடத்தில் சைகை காட்டினார், அம்மா ஓர் எட்டு வைத்தார். அவ்வளவுதான். அன்று நான் கற்றது: கைகள் காலியாக இருக்க வேண்டும், பை முதுகில் இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது, மாலுமி சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது.

தாங்களாகவே அந்த ஓர் எட்டை வைக்க முடியாதவர்களைத் தூக்கி ஏற்றுவதற்குப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதியில்லை. சக்கர நாற்காலியை மடித்து ஏற்றுவார்கள், கனமான மின் ஸ்கூட்டரை ஏற்ற மறுப்பார்கள். கூட வருபவர்களுக்கு இந்தச் சிரமம் இருந்தால், பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை துறைமுகம் டெண்டர் என்று எண்ணிப் பாருங்கள். கப்பலில் ஏறிய பிறகு தெரிந்துகொண்டால் அவர்கள் பால்கனியிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டியதுதான், அது மிகவும் வருத்தமான காட்சி.

கரையில் இறங்கிவிட்டேன், ஊர் மேலே இருக்கிறது. இது சான்டோரினிக்கே உரிய சிக்கல். சொந்தமாகப் போகிறவர்களின் படகு ஃபிரா ஊருக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் விடும். ஊர் 200 மீட்டருக்கு மேல் உயரத்தில். கேபிள் கார், கழுதை, அல்லது 580-க்கும் மேற்பட்ட படிகள். கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களைப் பொதுவாக அத்தினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதனால் உங்கள் வழிகாட்டி "துறைமுகத்தில் நிற்கிறேன்" என்று சொன்னால் எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். கேபிள் காருக்குக் காலையில் கீழே வரிசை, மாலையில் மேலே வரிசை. நாலைந்து கப்பல்கள் நிற்கும் நாளில் மாலை வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். கால் நன்றாக இருந்தால் இறங்கும்போது படிகளில் வந்துவிடுங்கள், கழுதைச் சாணத்தில் வழுக்காத செருப்போடு.

அலை அதிகம், டெண்டர் ரத்து. கேப்டன் கப்பலைத் திருப்பி நிறுத்தி, காற்றுக்கு மறைவான பக்கத்தில் படகை இறக்கிப் பார்ப்பார். அதற்கும் முடியாவிட்டால் அந்த ஊரை விட்டுவிட்டுக் கப்பல் நகர்ந்துவிடும். வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது. போகும்போது அமைதியாக இருந்த கடல் திரும்பும்போது மாறினால் ஆயிரம் பேர் கரையில் மாட்டிக்கொள்வார்கள். இதற்குத்தான், டெண்டர் துறைமுகத்தில் எதை முன்பதிவு செய்தாலும் "கப்பல் வராவிட்டால் பணம் திரும்ப" என்று எழுத்தில் தருபவரிடம் மட்டும் செய்ய வேண்டும். கப்பல் பயணிகளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் பலர் தயங்காமல் இதைத் தருகிறார்கள்.

## அறிகுறி: கதவில் கார்டை வைத்ததும் நிறுத்திவிட்டார்கள்

கார்டு கருவியில் பட்டதும் உங்கள் புகைப்படம் காவலரின் திரையில் வரும். அதோடு ஏதாவது குறிப்பு வந்தால்தான் நிறுத்துவார். காவலரிடம் "திரையில் என்ன காரணம் காட்டுகிறது?" என்று மட்டும் கேளுங்கள், அங்கிருந்து வழி தெரிந்துவிடும். புகைப்படம் எடுக்கப்படவில்லை, கணக்குக்குப் பணம் செலுத்தும் அட்டை வேலை செய்யவில்லை, குடிவரவுச் சோதனைக்குப் போகவில்லை, பெரியவர் இல்லாமல் சிறுவர் தனியாக வருகிறார்: இவையெல்லாம் ரிசப்ஷனில் சில நிமிடங்களில் தீரும். வரிசையை மறித்துக்கொண்டு நிற்காமல் நேராக அங்கே போங்கள்.

விசா என்று வந்தால் தீராது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கப்பலின் சுற்றுலாவில் போகிறவருக்கு ஒரு விதி, தனியாகப் போகிறவருக்கு வேறு விதி என்று சில நாடுகளில் இருக்கும். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குரூஸ் கப்பல்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், விசா இல்லாமல் 72 மணி நேரம் இருக்கலாம் என்ற சலுகை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்களுக்கு மட்டும்தான். தானாக நடந்து போக நினைத்தவருக்கு முழு விசா வேண்டும். பக்கத்து அறைக்காரர் விசா இல்லாமல் இறங்குகிறாரே என்று பார்த்து நாமும் இறங்க முடியாததற்கு இதுதான் காரணம்.

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கிரீஸில் கப்பல் ஏறி, துருக்கியில் ஒருநாள் நின்று, மறுபடி கிரேக்கத் தீவுக்குப் போனால் நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியே போய் மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா இதற்குப் போதாது. இதைக் கப்பலில் ஏறும்போதே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள்.

அப்புறம் சாப்பாடு. பழம், சாண்ட்விச், பால் பொருள் எதையும் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மோப்ப நாய் நிற்கும், மறந்து பையில் வைத்த ஓர் ஆப்பிளுக்கும் அந்த இடத்திலேயே அபராதம் விழலாம்.

## அறிகுறி: இறங்கியாச்சு, ஊரைக் காணோம்

பயணத்திட்டத்தில் ரோம் என்று போட்டிருந்தது, இறங்கினால் கன்டெய்னரும் கிரேனும்தான் தெரிகிறது. நீங்கள் நிற்பது சிவிட்டவேக்கியா. ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கப்பல்காரர்கள் பெரிய ஊரின் பெயரை முன்னால் போட்டு உண்மையான துறைமுகத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். படிக்க வேண்டியது அந்த அடைப்புக்குறியைத்தான். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லு ஆவ்ர், சுமார் 200. பெர்லின் என்றால் வார்னமுண்டே, 200-க்கும் மேல். லண்டன் என்றால் சவுதாம்ப்டன். பாங்காக் என்றால் பெரும்பாலும் லேம் சாபாங். ஸ்டாக்ஹோம் இன்னும் குழப்பம்: சில கப்பல்கள் நகரத்திலேயே நிற்கும், சில 60 கிலோமீட்டர் தெற்கே நைனஸ்ஹாமில் நிற்கும்.

எதிர்த்திசையிலும் ஆச்சரியங்கள் உண்டு. நேப்பிள்ஸிலும் காடிஸிலும் கப்பலைவிட்டு இறங்கினால் ஊர். மால்டாவின் வல்லெட்டாவில் துறைமுகத்துக்கு அருகிலிருந்தே மின்தூக்கி மேலே ஊரிலுள்ள பாரக்கா தோட்டத்துக்கு ஏற்றிவிடும். இந்த ஊர்களில் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடுவேன்.

தூரத் துறைமுகமாக இருந்தால் முதல் தடை துறைமுக வளாகமே. லிவோர்னோ மாதிரி சரக்குத் துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்தான். சிவிட்டவேக்கியாவில் துறைமுக பஸ் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் விடும், ரயில் நிலையம் அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். ஷட்டிலின் கடைசி வண்டி எப்போது என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லா இடத்துக்கும் துணிந்து போகலாம் என்று சொல்லமாட்டேன். ரோமுக்குச் சொந்தமாகப் போகலாம், ரயில்கள் நிறைய. லிவோர்னோவிலிருந்து பீசாவுக்குப் போவது எளிது, ஃபுளோரன்ஸ் கொஞ்சம் ஓட்டம். பாரிஸுக்கும் பெர்லினுக்கும் ஒருநாளில் போய் வருவதை நான் செய்யமாட்டேன். போக வர ஐந்தாறு மணி நேரம் ரயிலில் போய்விடும், மீதி நேரமும் கடிகாரத்தைப் பார்த்தே கழியும். லு ஆவ்ரே பார்க்க வேண்டிய ஊர்: போரில் அழிந்ததைக் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே கான்கிரீட்டில் மீண்டும் கட்டினார், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அருகில் எத்ரெத்தாவின் வெள்ளைப் பாறைகள். வார்னமுண்டேயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம், 20 நிமிடத்தில் ராஸ்டாக் நகரம்.

போகும் முன் கிழமையையும் பாருங்கள். ஃபுளோரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகம் திங்கள் மூடல், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடல்.

## அறிகுறி: முன்பதிவு செய்த வழிகாட்டியைக் காணோம்

பெரும்பாலும் அவர் வந்திருப்பார், வாசலுக்கு வெளியே. பல துறைமுகங்களில் தனியார் வண்டிகளுக்கு உள்ளே அனுமதி கிடையாது, கப்பலை ஒட்டி நிற்பவை கப்பலின் சொந்த ஏற்பாடுகள். கேங்வே அடியில் பெயர்ப்பலகை தேடாமல் துறைமுக வாசல்வரை போங்கள். வாசல் இரண்டு இருந்தால் சிக்கல். அதனால் முன்பே "கப்பலின் பெயர், எந்த முனையம், எந்த வாசல்" என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரே நாளில் ஐந்து கப்பல் நிற்கும் இடத்தில் "துறைமுகத்தில் சந்திப்போம்" என்பது ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

உண்மையாகவே வரவில்லை என்றால் 30 நிமிடம் பொறுங்கள், பிறகு வேறு வழி பாருங்கள். வாசலில் நிற்கும் டாக்சியில் ஏறும் முன் மூன்றைப் பேசி முடியுங்கள்: மொத்தத் தொகை ஆளுக்கா வண்டிக்கா, எந்தப் பணத்தில், காத்திருப்பு நேரம் உட்பட்டதா. பணத்தைத் திரும்பி வந்து இறங்கும்போது கொடுங்கள்.

## அறிகுறி: போனில் ஒரு மணி, கப்பலில் வேறு மணி

அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய பிழை இது, ஏனென்றால் வலிக்காமல் வரும். கரையிறங்கியதும் போன் உள்ளூர்ச் சிக்னலைப் பிடித்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் உள்ளூர் நேரத்துக்கு மாறியிருந்தால் பிரச்சினை இல்லை. மாறாமல் தன் நேரத்திலேயே இருந்தால்?

மெக்சிகோவின் கோசுமெல் தீவு நல்ல உதாரணம். அந்தத் தீவு இருக்கும் மாநிலம் 2015-இல் தன் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது, கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதும் அங்கே இல்லை. புளோரிடாவிலிருந்து கோடையில் கிளம்பும் கப்பல் தன் நேரத்தை மாற்றாவிட்டால், தீவின் கடிகாரம் கப்பலைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கடைசி நேரம் 4:30 என்று வையுங்கள். போனில் 3:30 காட்டும்போது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள். கப்பலில் அப்போது 4:30.

தீர்வு: கப்பலைவிட்டு இறங்கும் முன் போனில் தானியங்கி நேரத்தை நிறுத்துங்கள். இன்னும் நல்லது, சிக்னலே தெரியாத சாதாரணக் கைக்கடிகாரம். கேங்வேக்கு அருகில் கப்பல் நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், தாண்டும்போது கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடமும் அவர் கடிகாரத்தின்படி எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கப்பலில் இருக்கும்வரை போனை விமானப் பயன்முறையில் வையுங்கள். கடலில் கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் தாறுமாறாக ஏறும். கரையில் கால் வைத்து, கப்பலைவிட்டு விலகிய பிறகு இயக்கினால் போதும்.

## அறிகுறி: நேரம் நெருங்குகிறது, நான் இன்னும் ஊரில் இருக்கிறேன்

முதலில் இது ஏன் வருகிறது என்று பார்ப்போம். எல்லோரும் நேரத்தை முன்னோக்கிக் கணக்கிடுகிறார்கள், பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ரோமுக்குப் போகும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலேற வேண்டிய கடைசி நேரம் மாலை 6:30. துறைமுக வாசலுக்கு 6:00-க்கு வந்துவிட வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து வாசலுக்கு 45 நிமிடம் என்றால் சிவிட்டவேக்கியாவில் ரயில் 5:15-க்கு நிற்க வேண்டும். வழியில் ஒன்றேகால் மணி நேரம், எனவே ரோமில் 4:00 மணி ரயில். அந்த ரயில் ரத்தானால்? அதற்காக 3:00 மணி ரயிலைத்தான் உங்கள் ரயிலாக வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் ரோம் சேர 10 ஆகும். ஆக, கையில் உள்ளது ஐந்து மணி நேரம். கொலோசியமும் வத்திக்கானும் ஒரே நாளில் என்று திட்டம் போட்டவர்கள்தான் மாலையில் ஓடுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும், முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெண்டர் துறைமுகத்தில் கணக்கிட வேண்டியது கடைசிப் படகின் நேரம். படகுத்துறையில் அதற்கு முன்பே நீண்ட வரிசை நிற்கும்.

சரி, ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது: உடனே போர்ட் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு பெயர், கேபின் எண், எத்தனை பேர், எங்கே இருக்கிறீர்கள், எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்று சொல்லுங்கள். அழைத்ததால் கப்பல் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், ஆனால் பத்து நிமிடத் தூரத்தில் வருகிறீர்கள் என்று தெரிந்தால் சில நேரம் கேங்வேயை எடுப்பதைச் சற்றுத் தள்ளுவார்கள். பஸ், ரயில் என்று மிச்சம் பிடிக்காமல் டாக்சி எடுங்கள். கடைக்குள் போனவரைத் தேடிக் கூட்டம் பிரியாதீர்கள்.

கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இது ஓரவஞ்சனை இல்லை: வழிகாட்டும் பைலட்டும் இழுவைப் படகும் குறித்த நேரத்துக்கு வந்திருக்கும், நீங்கள் வருவீர்களா என்று கேப்டனுக்குத் தெரிய வழியுமில்லை. 2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலாவில் போன எட்டுப் பேர் தாமதமாக வந்தார்கள். கப்பல் இன்னும் நங்கூரத்தில்தான் நின்றது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல்வரை கொண்டு போயும் ஏற்றவில்லை. பல நாடுகள் வழியாகக் காம்பியா போனார்கள், அங்கே கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் துறைக்கு வரவே இல்லை. கடைசியில் செனகலின் டக்காரில்தான் ஏறினார்கள்.

## அறிகுறி: கப்பல் போய்விட்டது

துறைமுகத்தைவிட்டு வெளியேறாதீர்கள். ஆட்கள் வரவில்லை என்று கார்டுப் பதிவில் தெரிந்ததும், கப்பல்காரர்கள் கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் போர்ட் ஏஜென்ட்டிடம் விட்டுச் செல்வது வழக்கம். ஏஜென்ட் அலுவலகம் பூட்டுவதற்குள் அவரைப் பிடிக்க வேண்டும், அதுதான் முதல் வேலை.

இரண்டாவது, அடுத்த துறைமுகத்தில் ஏற முடியுமா என்று அவர் வழியாகக் கப்பலிடம் கேட்பது. கேட்காமல் விமான டிக்கெட் வாங்காதீர்கள். அந்த நாட்டுக்கு விமானத்தில் நுழைய உங்களுக்கு விசா தேவைப்படலாம், கப்பல் பயணிக்குரிய சலுகை அங்கே செல்லாது. அமெரிக்கக் கடற்கரையில் இன்னொரு சிக்கல்: 1886-ஆம் ஆண்டின் பயணிக் கப்பல் சட்டம், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளைக் கொண்டு சேர்ப்பதைக் கட்டுப்படுத்துகிறது. நடுவில் ஒருவர் இறங்கி வேறிடத்தில் ஏறினால் அபராதம் வரலாம், அது பயணியின் கணக்கில் சேரும்.

மூன்றாவது, உள்ளூர்க் குடிவரவு அலுவலகம். கப்பல் பயணியாக ஒருநாள் அனுமதியில் நுழைந்த நீங்கள் இரவு தங்கப் போகிறீர்கள், விமானத்தில் வெளியேறப் போகிறீர்கள். அதை அவர்கள் தாளில் பதிய வேண்டும். ஏஜென்ட்டைக் கூடவே வரச் சொல்லுங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள், தாமதத்துக்குக் காரணம் வண்டி பழுதோ விபத்தோ என்றால் ஓட்டுநரிடமோ காவல் நிலையத்திலோ ஒரு வரி எழுதி வாங்கி வையுங்கள்.

இந்த நாள் வராது என்ற நம்பிக்கையோடுதான் எல்லோரும் இறங்குகிறோம். இருந்தாலும் என் முதுகுப்பையின் உள்ஜிப்பில் எப்போதும் இவை இருக்கும்: பாஸ்போர்ட்டின் வண்ண நகல் (உள்ளூர் விதி கேட்டால் பாஸ்போர்ட்டே), விசாப் பக்கம், ஒரு வங்கி அட்டை, கொஞ்சம் பணம், அம்மாவின் இரண்டு நாள் மாத்திரை, சார்ஜர், மடித்து வைத்த நிகழ்ச்சித்தாள். போன் தண்ணீரில் விழுந்தாலும் அந்தத் தாளில் ஏஜென்ட்டின் எண் இருக்கும்.